கண்டதும் கற்றதும்: கீழை அரங்கக் கலையும் நவீன ஐரோப்பிய மேடையும்

வினா

இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாடக மேடை, வரைந்த திரைச்சீலைகளையும் மரச்சுவர் வீடுகளையும் கொண்டு மெய்யுலகை அப்படியே பெயர்த்து வைக்கும் பிரயாசையைக் கைவிட்டு, வெறுந்தளத்தையும் நடிகனின் உடலையும் முகமூடியையும் தாளத்தையும் நம்பத் தொடங்கியதற்கு, ஜப்பான், சீனம், பாலித்தீவு, இந்தியா ஆகிய தேசங்களின் அரங்கக் கலைகளே பெரிதும் காரணம் என்று நாடக சரித்திர நூல்கள் சொல்லுகின்றன. இந்தக் கூற்றை மறுப்பார் இன்று அநேகமாக எவரும் இல்லை. ஆயினும், அதற்கு அடுத்த கட்டத்தில் அபிப்பிராயங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. கீழ்த்திசை வழங்கிய கொடையை மேற்றிசை நன்றியுடன் ஏற்றுக்கொண்டது என்பார் ஒரு சாரார்; ஆதிக்கம் செலுத்திய நாடுகள் மண்ணையும் கனியையும் கொண்டு சென்றதுபோலவே கலையையும் கொண்டு சென்றன என்பார் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தைப் பரிசீலியாமலே விடுகிறார்கள் என்பது என் எண்ணம். கொடையாயினும் கொள்ளையாயினும், கைமாறிய பொருள் எது? ஒரு மாலைப்பொழுதில் ஆசனத்தில் அமர்ந்து கண்டதனால் வந்த அறிவு, ஏட்டில் மொழிபெயர்ப்பாகப் படித்ததனால் வந்த அறிவு, குருவின் எதிரே நின்று கால் கடுக்க ஆடிக் கற்றதனால் வந்த அறிவு ஆகிய மூன்றும் ஒரே தன்மையின ஆகா. எந்த வழியாக வந்தது என்பதே என்ன வந்தது என்பதையும் நிர்ணயித்தது என்னும் கருத்தை, சில பிரசித்தமான சந்திப்புகளைக் கொண்டு இங்கே ஆராய விரும்புகிறேன்.

பொறியும் ஏடும்

பொறி எளிதாகக் கடல் கடக்கும். 1758ஆம் ஆண்டில் ஒஸாகா நகரத்துக் கபுகி அரங்கில் நமிகி ஷோஸோ என்னும் நாடகாசிரியர் முழுமையாக்கிய சுழல்மேடை, 1896இல் கார்ல் லாவுட்டன்ஷ்லேகர் மியூனிக்கில் மோட்ஸார்ட்டின் இசைநாடகம் ஒன்றுக்கு அமைத்த சுழல்மேடைக்கு முன்மாதிரி எனக் கருதப்படுகிறது. பார்வையாளரின் நடுவே நீண்டு செல்லும் கபுகியின் ‘மலர்ப்பாதை’யை மாக்ஸ் ரைன்ஹார்ட் 1910இல் தமது ‘சுமுருன்’ என்னும் மௌன நாடகத்தில் எடுத்தாண்டார். இவற்றில் பொருள்மயக்கம் மிகுதியாக நேர இடமில்லை. சக்கரம் எங்கே சுழன்றாலும் சக்கரமே.

ஏட்டின் வழி அப்படிப்பட்டதன்று. 1789இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்த சாகுந்தலம், 1791இல் ஃபோர்ஸ்டரால் ஜெர்மன் மொழிக்குச் சென்று கதே மகாகவியின் கைக்கு எட்டியபோது, சூத்திரதாரன் தோன்றி நாடகத்தைப் பற்றியே பேசும் அதன் பிரஸ்தாவனை, ‘ஃபவுஸ்ட்’டின் முகப்பில் அரங்க முதலாளியும் கவிஞனும் விதூஷகனும் உரையாடும் காட்சிக்கு வித்தாயிற்று என்பது பலரும் ஒப்பும் செய்தி. இது ஏட்டினால் விளைந்த நன்மை. ஏட்டினால் நேரக்கூடிய குறைக்கு ஜப்பானிய ‘நோ’ நாடகமாகிய ‘தானிக்கோ’வின் வரலாறு தக்க சான்று.

நோய்ப்பட்ட தாயின் பொருட்டு மலை யாத்திரை புறப்பட்ட துறவியரோடு செல்லும் சிறுவன் ஒருவன், வழியில் தானும் நோயுற்றதால், பழைய நியமத்தின்படி பள்ளத்தாக்கில் எறியப்படுகிறான். மூலத்தில் கதை அங்கே முடிவதில்லை. துறவியரின் பிரார்த்தனைக்கு இரங்கி ஒரு தெய்வ சக்தி அவனை உயிரோடு மீட்டுக் கொணர்கிறது. 1921இல் ஆர்தர் வேலி வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்போ, பிற்பகுதியை விட்டுவிட்டு, சிறுவன் எறியப்படுவதோடு நின்றுவிட்டது. அந்த ஆங்கிலத்தை எலிசபெத் ஹாப்ட்மன் ஜெர்மன் மொழியில் ஆக்க, அதைக் கொண்டு ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்த ‘ஆம் என்பவன்’ 1930 ஜூன் மாதம் பெர்லினில் அரங்கேறியது. சமூகத்தின் பொருட்டுத் தனிமனிதன் தன் அழிவுக்கு இசைய வேண்டுமா என்னும் கொடிய கேள்வியே அந்த நாடகத்தின் உயிர்நாடி. பெர்லின் பள்ளி மாணாக்கர் சிலர் அதை எதிர்த்து வினவ, பிரெக்ட் ‘இல்லை என்பவன்’ என்னும் மறுவடிவத்தையும் எழுதினார். மரணத்தைக் கடந்து அருளில் முடியும் ஒரு சமய நாடகம், அருள் வெட்டுண்டு போனதனால், ஐரோப்பாவின் அரசியல் நாடகங்களில் மிகக் கூர்மையான ஒன்றாயிற்று. இதைத் தவறு என்பதா, சிருஷ்டி என்பதா? இரண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் இதை ‘நோ’ நாடகத்தின் செல்வாக்கு என்று பெயரிட்டு அழைக்கும்போது, அச்சொல் எவ்வளவு பாரத்தைத் தாங்க இயலாமல் தாங்குகிறது என்பதையும் உணர வேண்டும்.

யேட்ஸ் கவிஞரின் விஷயமும் இதற்கு அணுக்கமானதே. ஃபெனொல்லோஸா என்னும் அமெரிக்க அறிஞர் விட்டுச்சென்ற குறிப்புகள் எஸ்ரா பவுண்டின் வாயிலாக அவரை எட்டின. அந்தத் தூண்டுதலால் எழுந்த ‘பருந்துச் சுனையருகே’ 1916இல் லண்டன் மாளிகை ஒன்றின் கூடத்தில் நடிக்கப்பட்டபோது, பருந்தாக ஆடியவர் மிச்சியோ இத்தோ என்னும் ஜப்பானிய இளைஞர். அவரோ ‘நோ’ பரம்பரையில் வந்தவர் அல்லர். ஜெர்மனியில் டால்குரோஸின் தாள உடற்பயிற்சியைக் கற்றவர். ஐரோப்பா தேடிய ஜப்பானை, ஐரோப்பாவில் கற்ற ஜப்பானியர் ஒருவர் ஆடிக் காட்டினார். பின்னர் 1949இல் யொகொமிச்சி மரியோ அந்நாடகத்தை மெய்யான ‘நோ’ வடிவிலேயே ஆக்கி ஜப்பானுக்கு மீட்டுக்கொண்டார் என்பது மனத்துக்கு நிறைவளிக்கும் பின்கதை.

மாஸ்கோ, 1935

இந்தச் சரித்திரத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட சந்திப்பு 1935ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் மாஸ்கோவில் நிகழ்ந்தது. பெய்ஜிங் இசைநாடகத்தில் பெண் வேஷங்களுக்கு இணையற்றவர் எனப் புகழ் பெற்றிருந்த மெய் லான்ஃபாங், தம் குழுவினருடன் சோவியத் நாட்டுக்கு எழுந்தருளினார். மேயர்ஹோல்ட், தாய்ரோவ், ஐசன்ஸ்டைன், திரெத்யகோவ் முதலிய ருஷ்யக் கலைஞர்களும், அச்சமயம் அந்நகரில் இருந்த கோர்டன் கிரெய்க், பிரெக்ட் முதலிய அயலாரும் அவருடைய ஆட்டத்தைக் கண்டார்கள். ஐசன்ஸ்டைன் அவர் ஆடிய ஒரு காட்சியைப் படம்பிடித்தார். மெய்யின் கைகளின் அபிநயத்தைக் கண்ட பின் தம் நாட்டு நடிகரின் கைகளால் யாதொரு பயனும் இல்லை என்னும் கருத்துப்பட மேயர்ஹோல்ட் மனம் உருகிப் பேசினார். ஐந்தாண்டுகள் கழியுமுன் அவரும், அதற்கும் முன்பே திரெத்யகோவும், தம் அரசாங்கத்தின் கையாலேயே கொலையுண்டார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த வசந்த காலத்தின் உற்சாகம் நெஞ்சை வருத்துகிறது.

பிரெக்ட் கண்டவற்றுள் இரண்டு காட்சிகள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. ஒன்று, செம்படவன் மகளாக வந்த மெய், கையில் ஒரு சிறு துடுப்பை மட்டும் ஏந்தி, இல்லாத படகில், இல்லாத ஆற்றில், நீரின் வேகம் ஏறுவதையும் தணிவதையும் உடலின் அசைவாலேயே காட்டியது. மற்றொன்று, விசேஷ விளக்கொளியோ ஒப்பனையோ இல்லாமல், மேனாட்டு விருந்துடையில், நிபுணர் சூழ்ந்த சாதாரண அறையில் நின்று, பெண்ணின் நடையையும் பாவத்தையும் அவர் செய்து காட்டியது. இவற்றிலிருந்து பிரெக்ட் ஒரு சித்தாந்தத்தை வகுத்தார்: சீன நடிகர் பாத்திரமாகவே மாறிவிடுவதில்லை, தம் அங்கங்களைத் தாமே நோக்கியவாறு பாத்திரத்தைக் ‘காட்டுகிறார்’, தமக்கும் பார்ப்பவர்க்கும் நடுவே நான்காவது சுவர் ஒன்று இருப்பதாக அவர் பாவிப்பதில்லை, ஆகையால் பார்ப்பவனும் மயங்காமல் விலகி நின்று ஆராய்கிறான். 1936இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்தக் கட்டுரையில்தான், பிற்காலத்தில் அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட ‘அந்நியப்படுத்தல்’ என்னும் கொள்கை ஏறக்குறைய முதன்முறையாகத் தெளிவுபெற்று நிற்கிறது.

அக்கொள்கையை அவர் மாஸ்கோவில்தான் கண்டெடுத்தார் என்று சொல்வது பொருந்தாது. 1928இல் ‘மூன்று காசு இசைநாடகம்’ மேடையேறியபோதே தொங்கும் வாசகப் பலகைகளும், பாதித் திரையும், பாட்டுக்காக முறிக்கப்பட்ட கதையோட்டமும் அவரிடம் இருந்தன. பழகிய பொருளைப் புதிதாகத் தோன்றச் செய்வதே கலையின் தொழில் என்று ருஷ்ய விமரிசகர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இலேயே எழுதியிருந்தார். அந்தக் கருத்துத்தான் பிரெக்டிடம் வந்து சேர்ந்ததா என்பது விவாதத்துக்கு உரியது. எவ்வாறாயினும், வினாவும் பாதி விடையும் முன்பே அவரிடம் இருந்தன. சீன நடிகரிடம் அவர் பெற்றது உறுதிப்பாடு. தாம் சூனியத்தில் கட்டிய கட்டடத்துக்குப் பல நூற்றாண்டு அஸ்திவாரம் ஒன்று உலகத்தில் உண்டு என்னும் நம்பிக்கை.

இச்சந்திப்பைப் பற்றிய ஆதாரங்களை ஆளும்போது எச்சரிக்கை அவசியம். 1935 ஏப்ரல் 14ஆம் நாள் அயல்நாட்டுக் கலாசார உறவுச் சங்கத்தில் மெய்யின் கலையைக் குறித்து ஒரு விவாதம் நடந்தது உண்மை. அதன் மூலக் குறிப்புகள் கிடைக்காதிருந்த காலத்தில், லார்ஸ் கிளேபெர்க் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், ருஷ்ய நெறியாளர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் பிரெக்டும்கூடப் பேசுவதாகக் கற்பித்து அந்த விவாதத்தை ஒரு நாடகமாக எழுதினார். அக்கற்பனையை மெய்யான ஆவணம் என்றே நம்பிப் பலர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். மெய்யான குறிப்பேட்டைத் தேடி எடுத்து 1992இல் ருஷ்ய மொழியில் வெளியிட்டவரும் அதே கிளேபெர்க்தான். ஓர் அறிஞர் தம் கற்பனையால் நேர்ந்த மயக்கத்தைத் தம் உழைப்பாலேயே போக்கினார் என்பது போற்றத் தக்கது.

விலகி நின்றாரா, கலந்து நின்றாரா?

பிரெக்டின் வியாக்கியானம் சரியானதா? இக்கேள்விக்கு முதற்சான்று அவருடைய கட்டுரையிலேயே இருக்கிறது. மெய் நடித்த மரணக் காட்சியில், அருகே அமர்ந்திருந்த ஒருவர் ஓர் அபிநயத்தைக் கண்டு வியந்து குரலெழுப்ப, முன்வரிசையினர் உண்மையில் ஒரு பெண் இறந்துகொண்டிருப்பதைப்போலத் திரும்பிப் பார்த்து அதட்டினார்கள் என்று அவரே எழுதுகிறார். அந்த நடத்தை சீன அரங்குக்குப் பொருந்தாதது என்பது அவருடைய துணிபு. ஐரோப்பியனாகிய தனக்குச் சீன நடிகர் அந்நியமாகத் தோன்றுவதனாலேயே இந்த உணர்ச்சி எழுகிறதோ என்ற ஐயத்தையும் அவர் எழுப்பிக்கொள்கிறார். ஆனால், சீனருக்கும் அதே விளைவு உண்டாகும் என்று எண்ணிக்கொள்ளத்தான் வேண்டும் என்று கூறி மேலே செல்கிறார். நிரூபிக்க வேண்டிய இடத்தில் அனுமானம் வந்து நிற்கிறது.

மெய் லான்ஃபாங்கின் சொந்த எழுத்துகளும், அவர் கலையை உள்ளிருந்து அறிந்த சீன அறிஞர்களும் கூறுவது வேறு. பல்லாண்டுப் பயிற்சியால் ஒவ்வொரு அசைவும் உடலில் ஊறிப்போன பின்னர், நடிகன் பாத்திரத்தின் உணர்ச்சியில் தன்னை மறந்து கலக்க வேண்டும் என்பதே அந்த மரபின் இலட்சியம். தியன் மின் முதலிய ஆய்வாளர்கள் இந்த அடிப்படையிலேயே பிரெக்டை மறுக்கிறார்கள். இன்னும் நயமாகச் சொன்னவர் ஷாங்காயில் பிரெக்டின் நாடகத்தையே மேடையேற்றிய ஹுவாங் த்ஸுவோலின். நான்காவது சுவரை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுப்பினார், பிரெக்ட் இடிக்க முனைந்தார், மெய்யின் அரங்கில் அப்படியொரு சுவர் என்றைக்கும் இருந்ததே இல்லை என்னும் கருத்தை அவர் 1962இல் வெளியிட்டார். இல்லாத சுவரை இடிப்பதாகக் கண்டது பிரெக்டின் கண்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. மாஸ்கோவில் காட்டப்பட்டது, பெய்ஜிங் தேநீர்ச் சாலைகளில் ஆரவாரத்தினிடையே நடந்த ஆட்டம் அன்று. 1930இல் அமெரிக்காவிலும் பின்னர் சோவியத் நாட்டிலும் மெய்யின் நிகழ்ச்சிகளை அமைத்துக் கொடுத்த சாங் பெங்சுன், மேனாட்டு நாடகத்தைக் கற்றறிந்தவர். அயலார் பொறுமைக்கும் சுவைக்கும் ஏற்பக் காட்சிகள் தேர்ந்தெடுத்துச் செப்பமிடப்பட்டன. அதே காலத்தில் சீனத்தின் புதுமைவாதிகளோ எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தார்கள். வண்ணம் பூசிய முகம் முதலியவை நாடகப் பரிணாமத்தில் உதிர வேண்டிய எச்சங்கள் என்று ஹூ ஷி 1918இலேயே எழுதிவிட்டார். லூ ஷுன் மெய்யின் கலையைக் கடுமையாகவே மதிப்பிட்டார். இப்ஸனின் அடிச்சுவட்டில் த்ஸாவ் யூ எழுதிய ‘இடிமழை’ 1934இல் அச்சாயிற்று. ஐரோப்பியர் துறக்க விரும்பிய சுவரைச் சீன இளைஞர்கள் தம் மண்ணில் ஆவலோடு எழுப்பிக்கொண்டிருந்த தருணத்தில்தான் மெய் மாஸ்கோ மேடையில் இல்லாத படகைச் செலுத்தினார். செல்வாக்கு ஒரே திசையில் ஓடும் நதி என்று எண்ணுபவர்களுக்கு இந்தச் சித்திரம் விளங்காது.

வின்சென் வனம், 1931

பிரெக்டாவது கண்டவரின் பெயரைச் சொன்னார். பிரெஞ்சு நாடகக் கலைஞர் அந்தோனின் ஆர்த்தோவின் கதை இன்னும் ஆழமான மயக்கம் உடையது. 1931இல் பாரிஸ் நகரை ஒட்டிய வின்சென் வனத்தில் பிரெஞ்சு அரசாங்கம் நடத்திய குடியேற்ற நாடுகளின் பொருட்காட்சியில், ஒல்லாந்தரின் மண்டபத்தில், பாலித்தீவின் பெலியத்தான் கிராமத்துக் கலைஞர்கள் ஆடினார்கள். அதைக் கண்ட ஆர்த்தோ, வசனத்துக்கு அடிமையாகி உளவியல் சச்சரவுகளில் உழலும் ஐரோப்பிய நாடகம் இதன் முன் குழந்தைப் பேச்சாகிவிட்டது என்னும் பரவசத்தில், அவ்வாண்டு அக்டோபரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது பின்னர் 1938இல் வெளிவந்த ‘நாடகமும் அதன் இரட்டையும்’ என்னும் நூலில் இடம்பெற்று, அடுத்த அரை நூற்றாண்டின் மேடையையே அசைத்தது. ஆடும் உடல்கள் உயிர்பெற்ற சித்திர எழுத்துகள் என்றும், சொல்லுக்கு முற்பட்ட பிரபஞ்ச ரகசியம் ஒன்று அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் அவர் கண்டார்.

பாலி மொழியோ கதையோ அவருக்குத் தெரியாது. அவர் பிரபஞ்ச ரகசியமாகப் படித்தவை, பாலித்தீவுச் சிறுவரும் அறிந்த அரங்க அகரவரிசையின் எழுத்துகளே என்று பின்னாளில் போலந்து நெறியாளர் குரோட்டோவ்ஸ்கி சுட்டிக்காட்டினார். மேலும், தொல்பழஞ் சடங்கென அவர் கருதிய நிகழ்ச்சியில் இடம்பெற்ற கெப்யார், ஜாங்கேர் முதலிய ஆடல்கள் அந்த நூற்றாண்டில்தான் பிறந்தவை. உயிர்ப்புள்ள, மாறிக்கொண்டிருந்த, தன் காலத்துப் புதுமையில் களிப்புற்றிருந்த ஒரு கிராமத்தின் கலையை, காலம் தொடாத ஆதிரகசியமாக அவர் கண்ணுக்குக் காட்டியது பொருட்காட்சியின் அமைப்பு என்றே நான் கருதுகிறேன். நாடுகளைப் பிடித்தவர்கள் அந்நாடுகளின் மக்களைக் காலத்துக்குப் புறம்பானவராக நிறுத்திவைத்த இடம் அது. அவ்வாண்டில் மீயதார்த்தவாதிகள் அப்பொருட்காட்சியைப் பகிஷ்கரிக்குமாறு துண்டறிக்கை விநியோகித்தார்கள் என்பதும் நினைவுகூரத் தக்கது.

ஆயினும் ஆர்த்தோவை அற்பமாக எண்ண என் மனம் ஒப்பவில்லை. நாடகம் இலக்கியத்தின் ஒரு கிளை என்னும் மதத்தைத் தகர்த்து, இடமும் ஒலியும் உடலும் தம்மளவிலேயே பொருள் பேசும் என்று ஐரோப்பாவுக்கு நம்பிக்கை ஊட்டியவர் அவர். பாலியைப் பற்றி அவர் சொன்னது தவறு. தம் நாட்டு மேடையின் பஞ்சத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை.

வனத்துக்குள் வந்த கூத்து

ஆங்கில நெறியாளர் பீட்டர் புரூக் 1985இல் அவிஞோன் நகரருகே ஒரு கல்வெட்டாங்குழியில் ஒன்பது மணிநேரம் நிகழ்த்திய ‘மகாபாரதம்’, இதிகாசத்தை அதன் சமய, சமூகச் சூழலிலிருந்து பெயர்த்து எவருக்கும் சொந்தமில்லாத பொதுக்கதை ஆக்கிவிட்டது என்று இந்திய விமரிசகர் ருஸ்தம் பரூச்சா கண்டித்ததும், அதையொட்டி எழுந்த வாதங்களும் பலமுறை எழுதப்பட்டவை, விரிக்க வேண்டியதில்லை. என் வினாவுக்கு அதைவிடத் துணைபுரிவது ஆரியான் முனூஷ்கினின் ‘சூரிய நாடகக்குழு’.

1964இல் தோன்றிய அக்குழு, கபுகியின் சாயலில் ஷேக்ஸ்பியரையும், கதகளியின் சாயலில் கிரேக்கத் துன்பியல்களையும் ஆடிப் புகழ்பெற்றது. அவற்றில் கண்டது மிகுதி, கற்றது குறைவு என்று கருதினால் பெரும்பிழை ஆகாது. ஆனால், 2015 நவம்பரில் பாரிஸ் நகரைக் கொலைவெறியர் தாக்கிய பின், குழுவினர் புதுச்சேரிக்கு வந்து தங்கி ஒத்திகை பார்த்து உருவாக்கிய ‘இந்தியாவில் ஓர் அறை’ வேறுவகையைச் சேர்ந்தது. செய்யாற்றை அடுத்த புரிசை கிராமத்தின் தெருக்கூத்துப் பரம்பரையில் வந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அக்குழுவின் நடிகர்களுக்கு ஆசிரியராக இருந்து பயிற்றினார். காலடவையும் கிறுக்கி என்னும் சுழற்சியையும் பாட்டையும் அவர்கள் உடலால் கற்றார்கள். துகிலுரிதலையும் கர்ணன் மரணத்தையும் தமிழிலேயே பாடி ஆடினார்கள்.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பிரெக்ட் எழுப்பிய கேள்வி இங்கே புதிய ஒளியில் தெரியும். பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேஷம் தன்னை அறிமுகம் செய்துகொள்வதும், கட்டியக்காரன் அதனிடம் கேள்வி கேட்டு இடைமறிப்பதும், சோகத்தின் நடுவே ஊர்ச் செய்தி பேசிச் சிரிக்கவைப்பதும் விலகி நிற்கும் கலையின் இலக்கணங்கள் அல்லவா? அதே இரவில், துச்சாசனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றும் தருணத்தில் கற்பூரம் ஏற்றப்படுகிறது. வேஷக்காரருக்கும் கூட்டத்தில் சிலருக்கும் ஆவேசம் வருகிறது. விலகலும் கலத்தலும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே களரியில் ஒரே உடலில் குடியிருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் ஐரோப்பிய மேடையின் சொந்தப் பிரச்சினை. அவ்விரண்டும் இணைந்திருப்பதைக் கண் ஒரு மாலையில் காண்பது அரிது. மாதக்கணக்கில் முகவீணைக்கும் தாளத்துக்கும் ஈடுகொடுத்து ஆடிய கால்களுக்குத் தெரியாமல் போகாது என்று எண்ணுகிறேன்.

கற்றல் எல்லா ஏற்றத்தாழ்வையும் போக்கிவிட்டது என்று நான் வாதிக்கவில்லை. அரசாங்க உதவி பெறும் பாரிஸ் குழுவுக்கும், திருவிழாக் காலத்து அழைப்புகளை நம்பி வாழும் கூத்து ஜமாவுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கிறது; எந்தக் கதையில், எந்தக் கனவின் நடுவே கூத்து இடம்பெறும் என்பதைத் தீர்மானித்தவர் பிரெஞ்சு நெறியாளரே.

‘இந்தியாவில் ஓர் அறை’ 2016 நவம்பரில் அரங்கேறிய கார்த்தூஷ்ரி, முன்னாளில் படைத்தளவாடத் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். அது நிற்பதும் அதே வின்சென் வனத்தில். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆடிய பெலியத்தான் கலைஞர் ஒருவரின் பெயர்கூட ஆர்த்தோவின் கட்டுரையில் இல்லை. சூரிய நாடகக்குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பில், கூத்துப் பகுதிகளின் ஆசிரியராகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானின் பெயர் அச்சாகியிருக்கிறது.